"லீவுக்கு வரும்போது பாத்துக்கிடலாம்": வெளிநாட்டில் உடம்புக்கு வந்தால் எங்கே போவது, யார் பணம் கட்டுவது?

நம்ம திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது: "லீவுக்கு வரும்போது பாத்துக்கிடலாம்." பல்வலியா, முதுகுவலியா, சாப்பிட்டதும் நெஞ்சைக் கரிக்கிறதா, காரணமில்லாமல் எடை குறைகிறதா, எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். மேலப்பாளையம், கடையநல்லூர், வள்ளியூர், திசையன்விளை என்று எந்த ஊர்க்காரரை எடுத்துக்கொண்டாலும், உடம்பு அங்கே ரூமில் கிடக்கும், மனசு பாளையங்கோட்டை டாக்டர் வீட்டுத் திண்ணையில் டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்கும்.

நான் சவூதியில் 14 வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். கொஞ்சம் இங்கிலீஷ் எழுதத் தெரியும் என்பதால் கூட இருந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் பேப்பர் பார்த்துக் கொடுக்கும் வேலை தானாக என்னிடம் வந்து சேர்ந்தது. எங்கள் ரூமில் தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருந்தார். மாடி ஏறினால் நெஞ்சு பிடிக்கிறது, இடது தோள் இழுக்கிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லீவுக்கு இன்னும் ஆறு வாரம். "டிக்கெட் போட்டாச்சுல்லா, ஊர்ல போய் பாத்துக்கிடுதேன்" என்றார். இன்சூரன்ஸ் கார்டு அவர் பர்ஸுக்குள்தான் இருந்தது. அவரைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்புவதற்கான பேப்பர் வேலையில் நானும் கூட நின்றேன்.

அவர் ஏன் போகவில்லை என்று பிறகு பலநாள் யோசித்தேன். எவ்வளவு பணம் கேட்பார்களோ என்ற பயம், லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்களோ என்ற பயம், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தெரியாதது, போனால் என்ன பாஷையில் சொல்வது என்ற தயக்கம். இந்த நாலும் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள்தான், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏறுவதற்கு முன்பு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து யாராவது சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு சாயங்காலப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணம் யார் கட்டுவது என்பது. நாட்டுக்கு நாடு இது மாறும். வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் வேலை கொடுப்பவர் தலையில்தான் இது விழும். சவூதியில் தனியார் கம்பெனிக்காரர் தன் தொழிலாளிக்கும், அவர் கூட்டிக்கொண்டு போன மனைவி பிள்ளைகளுக்கும் இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும், அது இல்லாமல் அக்காமா (அங்கே தங்குவதற்கான அடையாள அட்டை) புதுப்பிக்க முடியாது. துபாயில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பெனிதான் தொழிலாளிக்கு எடுக்க வேண்டும், அந்தப் பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. ஆனால் அங்கே குடும்பத்தை உங்கள் விசாவில் வைத்திருந்தால் அவர்களுக்கு எடுப்பது உங்கள் பொறுப்பு. அபுதாபியில் இதைவிட முன்பே வந்துவிட்டது. சார்ஜா, அஜ்மான், ராஸ் அல் கைமா பக்கம் ரொம்ப நாளாகக் கட்டாயம் இல்லாமல் இருந்து, 2025 ஜனவரி 1 முதல் அங்கேயும் விசா எடுக்கவும் புதுப்பிக்கவும் இன்சூரன்ஸ் வேண்டும் என்று ஆகிவிட்டது, அடிப்படைத் திட்டம் வருஷத்துக்கு 320 திர்ஹாம். கத்தாரில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கென்று தனியாக ஹெல்த் கார்டு உண்டு, வெளிநாட்டுக்காரருக்கு வருஷம் 100 ரியால், அதை எடுத்துவிட்டால் ஹமத் ஆஸ்பத்திரிகளிலும் அரசு சுகாதார நிலையங்களிலும் குறைந்த கட்டணத்தில் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டிலும் எஸ் பாஸிலும் இருப்பவர்களுக்கு முதலாளி கட்டாயம் மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். 2023 ஜூலையிலிருந்து அதன் அளவு வருஷத்துக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர், அதற்கு முன்பு வெறும் 15,000. எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகிறவருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை, அதனால் படித்த பிள்ளைகள்தான் இதை ஆஃபர் லெட்டரிலேயே கேட்டு வாங்க வேண்டும். அங்குள்ளவர்கள் பேசும் மெடிசேவ், மெடிஷீல்டு என்ற அரசாங்க வைத்தியத் திட்டங்கள் எல்லாம் குடிமக்களுக்கும் பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கியவர்களுக்கும் மட்டும். அக்கா வீட்டுக்காரர் அரசு பாலிகிளினிக்கில் சல்லிசாகப் பார்த்தார் என்று நாமும் போய் நின்றால் நமக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

இங்கிலாந்து வேறு மாதிரி. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே வருஷத்துக்கு 1,035 பவுண்டு என்று ஹெல்த் சர்சார்ஜ் கட்டச் சொல்வார்கள், மாணவர்களுக்கு 776. அதைக் கட்டிவிட்டால் அங்குள்ள அரசாங்க வைத்திய சேவையான என்எச்எஸ் உங்களுடையது. நம்ம பக்கத்து நர்ஸ் பிள்ளைகள் ஹெல்த் அண்ட் கேர் விசாவில் போனால் அந்தப் பணமும் கட்ட வேண்டாம். ஆனால் அங்கே நேராக ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகிற வழக்கம் கிடையாது. வீட்டுப் பக்கத்தில் உள்ள ஜிபி (பொது வைத்தியம் பார்க்கும் டாக்டர்) கிளினிக்கில் பேரைப் பதிந்துவைக்க வேண்டும், அவர் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வாசல் திறக்கும். போய் இறங்கிய முதல் வாரமே பதிந்துவிடுங்கள், காய்ச்சல் வந்தபிறகு ஜிபியைத் தேடினால் திண்டாட்டம்தான்.

அமெரிக்காவுக்கு வருகிறேன், அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் பாஷை கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும். ஆறேழு வார்த்தைதான். இவை புரிந்தால் எந்த நாட்டு பாலிசியையும் கையில் வைத்து வாசித்துவிடலாம்.

நெட்வொர்க் என்றால் உங்கள் கார்டு செல்லுபடியாகும் ஆஸ்பத்திரிகளின் பட்டியல். ரேஷன் கார்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், கார்டு இருக்கிறது என்பதற்காக வேறு தெருக் கடையில் போய் அரிசி கேட்க முடியாதல்லவா. பெரிய கண்ணாடிக் கட்டடமாக இருக்கிறதே என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, கவுண்டரில் கார்டை நீட்டும்போது "இது இங்கே எடுக்காது" என்று கேட்டவர்கள் நிறைய. சில கார்டுகளில் எந்த வகை நெட்வொர்க் என்று ஒரு பெயரோ எழுத்தோ போட்டிருக்கும், பின்பக்கம் ஒரு போன் நம்பர் இருக்கும். உடம்பு நன்றாக இருக்கும்போதே அந்த நம்பருக்குப் போன் போட்டு, "எங்க கேம்ப்புக்குப் பக்கத்துல எந்தக் கிளினிக், எந்தப் பெரிய ஆஸ்பத்திரி?" என்று கேட்டு இரண்டு பெயரை போனில் பதிந்துவையுங்கள். இந்தி, மலையாளம் பேசுகிறவர் அங்கே அநேகமாக இருப்பார், நம்ம ஆட்களும் இருப்பார்கள்.

கோ-பே என்றால் ஒவ்வொரு முறையும் நம் பங்காகக் கொடுப்பது. சார்ஜா அஜ்மான் பக்கத்து 320 திர்ஹாம் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை எடுத்தால் நம் பங்கு 20 சதவீதம். அப்படியானால் 20,000 திர்ஹாம் ஆபரேஷனுக்கு 4,000 கட்ட வேண்டுமே என்று வயிற்றைக் கலக்கும். அதன் அடுத்த வரியையும் வாசிக்க வேண்டும்: ஒரு தடவைக்கு அதிகபட்சம் 500, வருஷம் முழுக்கச் சேர்த்து அதிகபட்சம் 1,000. ஆக அந்த ஆபரேஷனுக்கு உங்கள் கைக்காசு 500தான். இந்த உச்சவரம்பு தெரியாமலே "நம்மளால முடியாதுப்பா" என்று ஊருக்கு டிக்கெட் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் சதவீதத்தைப் பார்த்ததும் பயந்து பேப்பரை மடித்துவைக்க வேண்டாம், வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள்.

டிடக்டிபிள் என்பது நம்ம ஊர் மடைக் கணக்கு. மேமடை நிறைந்தால்தான் கீமடைக்குத் தண்ணி. வருஷ ஆரம்பத்தில் இத்தனை பணம் வரைக்கும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும், அது நிறைந்த பிறகுதான் இன்சூரன்ஸ் பணம் பாயும். அமெரிக்காவில் இதுதான் முக்கியம். ஒரு பேச்சுக்கு டிடக்டிபிள் 2,000 டாலர், அதற்கு மேல் உங்கள் பங்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி பில் 12,000 வந்தால், முதல் 2,000 உங்களுடையது, மீதி 10,000-ல் 20 சதவீதம் இன்னொரு 2,000, மொத்தம் 4,000. அதற்கும் ஒரு வருஷ உச்சவரம்பு பாலிசியில் போட்டிருக்கும், அதைத் தாண்டினால் நெட்வொர்க்குக்குள் பாலிசி ஏற்கும் செலவை எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாதப் பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று எடுக்கும் பாலிசியில் இந்த மேமடை ஆழமாக இருக்கும். ஆரோக்கியமான 25 வயசுப் பையனுக்கு அது பரவாயில்லை, பிரசவம் பார்க்கப் போகிற குடும்பத்துக்கு அது தப்பான கணக்கு. அப்புறம் அமெரிக்காவில் சாதாரணக் காய்ச்சல், சின்ன வெட்டுக்காயத்துக்கு எமர்ஜென்சிக்குப் போகாதீர்கள், அர்ஜென்ட் கேர் என்று தனியாக இருக்கும், செலவு பல மடங்கு குறையும்.

அப்ரூவல் என்பது எம்ஆர்ஐ, ஆபரேஷன் போன்றவற்றுக்கு ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்கூட்டி அனுமதி கேட்பது. வரவில்லை என்றால் "ரிஜெக்ட் ஆயிட்டு" என்ற வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பல தடவை டாக்டர் ஒரு ரிப்போர்ட் சேர்க்காமல் விட்டிருப்பார், அதைச் சேர்த்து மறுபடி அனுப்பினால் கிடைத்துவிடும். நானே இப்படி எங்கள் ஆள் ஒருவருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு மூன்றாவது தடவையில் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஏற்கெனவே உள்ள வியாதி என்று ஒரு கேள்வி ஃபார்மில் வரும், அதில் சுகர் பிரஷரை மறைக்காதீர்கள். இன்று மறைத்தது நாளைக்கு க்ளைமை மொத்தமாக அடித்துவிடும்.

சரி, சம்பளம் பிடிப்பார்களோ என்ற பயம். இது நம்ம ஆட்களை டாக்டரிடம் போகவிடாமல் செய்யும் பெரிய காரணம், அதனால் கணக்காகவே சொல்கிறேன். சவூதி தொழிலாளர் சட்டப்படி வருஷத்தில் உடம்பு சரியில்லாத லீவு முதல் 30 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 60 நாளுக்கு முக்கால் சம்பளம், அதன் பிறகு 30 நாள் சம்பளமில்லா லீவு. அமீரகத்தில் புரொபேஷன் முடிந்தவருக்கு வருஷம் 90 நாள் வரை: முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மீதி 45 நாள் சம்பளமில்லாமல். மூன்று வேலை நாளுக்குள் கம்பெனிக்குச் சொல்லி, மெடிக்கல் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அந்த ரிப்போர்ட் இல்லாமல் ரூமில் போர்வையை இழுத்துப் படுத்துக்கொள்வதுதான் சம்பளத்தை வெட்டும். டாக்டரிடம் போவதுதான் உங்கள் சம்பளத்தைக் காப்பாற்றும்.

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, பேச்சுக் குழறுவது, நிற்காத ரத்தம், மூச்சுமுட்டு, இவற்றுக்கு நெட்வொர்க் எல்லாம் பார்க்கவே கூடாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சவூதியில் 997, அமீரகத்தில் 998, கத்தாரிலும் பஹ்ரைனிலும் 999, குவைத்தில் 112, ஓமனில் 9999, சிங்கப்பூரில் 995, இங்கிலாந்தில் 999, அமெரிக்காவில் 911. இந்த நம்பரை ரூம் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள், பில்டிங் பெயர், தெரு, பக்கத்தில் உள்ள பெரிய கடை இவற்றையும் சேர்த்து. பதற்றத்தில் இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் நெட்வொர்க்குக்கு வெளியே போனாலும் அவசரச் சிகிச்சையை பாலிசிகள் பொதுவாக ஏற்கும், ஆனால் அவர்கள் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் இன்சூரன்ஸ் நம்பருக்குத் தகவல் போயிருக்க வேண்டும். அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எமர்ஜென்சிக்கு வந்தவரைப் பணம் இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்ப முடியாது, பார்த்து நிலைப்படுத்தியாக வேண்டும். பில் பின்னால் வரத்தான் செய்யும். லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரியாக இருந்தால் வருமானம் குறைந்தவர்களுக்கு உதவி செய்யும் திட்டம் ஒன்று அவர்களிடம் இருக்க வேண்டும் என்பதும் சட்டம், அதைக் கேட்டு விண்ணப்பியுங்கள்.

இனி ஊரிலிருந்து கொண்டுபோகும் பெட்டி. அல்வா, முறுக்கு, இட்லிப்பொடிக்கு நடுவில் மாத்திரைப் பொட்டலம் இல்லாமல் நம்ம ஊர்ப் பெட்டி கிளம்பாது. சொந்த மாத்திரை என்றால் டாக்டர் சீட்டோடு, பெயர் அச்சடித்த அட்டையோடு கொண்டுபோங்கள், சீட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். டிரமடால் வலி மாத்திரை, கோடின் கலந்த இருமல் மருந்து, அல்பிரசோலம், டயசிபாம் போன்ற தூக்க மாத்திரைகள் வளைகுடாவில் கட்டுப்படுத்தப்பட்டவை. அவற்றை அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் ஏர்போர்ட்டிலேயே வழக்காகும். அமீரகத்துக்கு என்றால் அந்நாட்டு அரசாங்க இணையதளத்தில் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். அடுத்த வீட்டுச் சித்தி "எம்மவனுக்கு முட்டுவலி மாத்திரை, கொடுத்துருய்யா" என்று கெஞ்சினாலும், பிரித்துப் பார்க்காத பொட்டலத்தை வாங்காதீர்கள். சித்தி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மசாலாவில் கசகசாவும் வேண்டாம், அமீரகத்தில் அதற்குத் தடை.

கூடவே, மாத்திரையின் மருந்துப் பெயரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இங்கே டோலோ என்று கேட்பது அங்கே பனடால், அமெரிக்காவில் டைலினால், மூன்றுக்கும் உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். சுகருக்கும் பிரஷருக்கும் நம்ம ஊரில் இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் சேர்த்துத் தருகிறார்கள், அங்கே அந்தச் சேர்க்கை கிடைக்காமல் போகலாம். மெட்ஃபார்மின் எத்தனை மில்லிகிராம், டெல்மிசார்டன் எத்தனை என்று தனித்தனியாகத் தெரிந்தால் அங்குள்ள டாக்டர் எழுதித் தருவார். கார்டில் மருந்துக்கும் பங்கு உண்டு, ஊரிலிருந்து ஆறு மாதத்துக்குச் சுமந்துபோக வேண்டிய அவசியமே இல்லை.

வளைகுடா போகிறவர்கள் எடுக்கும் மெடிக்கலை முழு உடல் பரிசோதனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது முக்கியமாக காசநோய், எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி போன்றவை இருக்கிறதா என்று அந்த நாடு பார்ப்பது. அதில் பாஸானதால் இருதயம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. நாற்பதைத் தொட்டவர்கள் கிளம்பும் முன் பிரஷர், சுகர், கொழுப்பு, கிரியேட்டினின், ஈசிஜி இவற்றைத் தனியாகப் பார்த்துவிடுங்கள், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தால் செலவும் கிடையாது. பல்லையும் சரிசெய்துவிட்டுப் போங்கள். அங்கே அடிப்படை பாலிசிகளில் பல் வைத்தியத்துக்கு அநேகமாக இடமிருக்காது.

பத்தாம் வகுப்பு முடிக்காமல், ஈசிஆர் (வேலைக்குப் போக அரசாங்க அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நம்ம அரசாங்கமே ஒரு இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று பெயர். 2017-ல் திருத்தியபடி இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 1 லட்சம் வரை. ஏஜென்ட் பணத்தைக் கட்டி பாலிசி போட்டிருப்பார், பேப்பரை அவரே வைத்திருப்பார், வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கி ஒரு நகலை அம்மா கையிலோ மனைவி கையிலோ கொடுத்துவிட்டுப் போங்கள். எங்கள் தெருவில் ஒரு குடும்பத்துக்கு, ஆள் இறந்து ஒன்றரை வருஷம் கழித்து, பீரோவைத் துப்புரவு செய்யும்போதுதான் அது கிடைத்தது.

கார்டே தராத கம்பெனியும் உண்டு. எனக்கே முதல் நாலு மாதம் கார்டு வரவில்லை, கம்பெனியில் விசா, பேப்பர் வேலை பார்க்கும் பிஆர்ஓவைக் கேட்டால் "அடுத்த வாரம்" என்பார். அப்புறம்தான் தெரிந்தது, சவூதியில் அக்காமா நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ் கவுன்சில் இணையதளத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று. பார்த்தால் என் பெயரில் இன்சூரன்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அக்காமாவைக் காட்டியே பார்த்துக்கொண்டேன். ஒன்றுமே எடுக்காத முதலாளி என்றால் தொழிலாளர் அலுவலகத்தில் புகார், அதோடு இந்தியத் தூதரகம். துபாயில் இந்தியர்களுக்கென்றே உள்ள உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 800 46342. கையில் ஒன்றும் இல்லாமல் ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்குத் தூதரகத்தில் 2009-லிருந்து ஒரு நலநிதி இருக்கிறது, அதை மனு போட்டுக் கேட்க வேண்டும்.

பேரன் பேத்தியைப் பார்க்க அமெரிக்கா போகும் அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை. பயண இன்சூரன்ஸில் ஏற்கெனவே உள்ள சுகர், இருதய வியாதிக்கு அநேகமாக இடமிருக்காது, திடீரென்று முற்றினால் மட்டும் என்று சில பாலிசி கொஞ்சம் கொடுக்கும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகை குறித்த பாலிசி மலிவாக இருக்கும், ஆனால் அங்குள்ள பில்லுக்கு முன்னால் அது நிற்காது. பிள்ளைகள் கொஞ்சம் கூடப் போட்டு மொத்த வரம்புள்ள பாலிசியாக எடுங்கள். இங்கிலாந்துக்கு விசிட் விசாவில் போகும் பெற்றோருக்கும் என்எச்எஸ் முழுசாக இலவசம் கிடையாது, எமர்ஜென்சி வாசல் வரைதான், வார்டில் சேர்த்தால் பில் வரும்.

கடைசியாக, இங்கே ஊரில் ஒரு பாலிசி. கம்பெனி கார்டு வேலை இருக்கும் வரைதான், கேன்சல் அடித்து எக்ஸிட் வாங்கி வந்துவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக். ஐம்பது வயதில் சுகரோடு வந்து இறங்கி அப்போது புதிதாகப் பாலிசி கேட்டால், ஏற்கெனவே உள்ள வியாதிக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம், 2024-க்கு முன்பு அது நாலு வருஷமாக இருந்தது. அந்தக் காத்திருப்பை அங்கே சம்பாதிக்கும் காலத்திலேயே கழித்துவிட வேண்டும். ரூமில் இருந்த அண்ணாச்சி இறந்த வருஷம்தான் நான் எனக்கும் வீட்டுக்காரிக்கும் ஒன்று எடுத்தேன், அப்போது எனக்கு 41. ஆறு வருஷம் கழித்து ஊரோடு வந்து சேர்ந்தபோது காத்திருப்பெல்லாம் முடிந்திருந்தது, வந்த எட்டாவது மாதம் எனக்கு இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள்.